முதல் போட்டவர்கள் நாம்

"மருந்து கண்டுபிடிக்கிறதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை சார். கவர்மென்ட் அதுல கை வச்சா பணம்தான் பாழ்." சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் உட்காரும் பொருளாதார நிபுணரும் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார். ஆராய்ச்சியில் பணத்தைப் பணயம் வைப்பவை தனியார் நிறுவனங்கள். ஆகவே விலை வைக்கும் உரிமையும் அவற்றுக்கே. அரசு ஆய்வுக்கூடங்கள் வரிப்பணத்தைக் கரைக்கும் இடங்கள். அரசு செய்ய வேண்டியதெல்லாம் நிறுவனங்களுக்குச் சலுகை கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான்.

இதில் ஒரு வரிகூடச் சரியில்லை என்பது என் வாதம். அதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

நம் வீட்டுப் பக்கத்து நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோய் விடுதியைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நோய் வந்தவர் குடும்பத்தை விட்டுப் பிரிந்து போக வேண்டும். சம்பாதிக்கிறவர் போய்ப் படுத்தால் வீட்டில் உலை ஏறாது. அப்படிப் போகலாம் என்றாலும் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் படுக்கைகளின் எண்ணிக்கை ஒன்றுமே இல்லை.

1956-இல் அதே ரயில் பாதையில் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது. நான்கிலும் இருந்தது மக்கள் பணம். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒண்டுக்குடித்தனத்தில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் வாழும் ஓர் ஏழையை அவர் வீட்டிலேயே வைத்து மாத்திரையால் குணப்படுத்த முடியுமா? சென்னை நகரத்து நோயாளிகள் 193 பேரைச் சேர்த்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், பாதிப் பேரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. உலகம் முழுவதும் காசநோயாளிகளைப் பிரித்து அடைத்து வைக்கும் வழக்கம் முடிவுக்கு வர அந்த ஆய்வே பெரிய காரணம்.

இந்தக் கேள்வியை எந்த மருந்து நிறுவனம் கேட்டிருக்கும்? இதில் விற்க என்ன இருக்கிறது? வீட்டில் கொடுத்த மருந்துகளில் முக்கியமானது ஐசோநியாசிட். 1912-இல் பிராகில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் முனைவர் பட்டத்துக்காகத் தயாரித்துவிட்டுப் போன வேதிப்பொருள் அது. 1952 வாக்கில் மூன்று நிறுவனங்கள் ஒரே சமயத்தில் அது காசநோயைக் கொல்வதைக் கண்டன. பொருள் ஏற்கெனவே நாற்பது ஆண்டுப் பழசு என்பதால் யாராலும் அதற்குக் காப்புரிமை கொண்டாட முடியவில்லை. அதனால்தான் அது மலிவாக இருந்தது. அதனால்தான் சென்னைச் சேரியில் இருந்தவருக்கும் கிடைத்தது. அந்தச் சேத்துப்பட்டு மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். 2010 முதல் 2019 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற 356 மருந்துகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 354 மருந்துகளுக்குப் பின்னால் அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் கொடுத்த ஆராய்ச்சி இருந்தது. அந்தப் பணத்தின் மதிப்பு ஏறத்தாழ 18,700 கோடி டாலர். நோய் எப்படி வருகிறது, உடம்பில் எந்தப் புரதத்தைத் தாக்கினால் அது அடங்கும் என்று ஆண்டுக்கணக்கில் இருட்டில் தேடும் வேலை பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடக்கிறது. கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்த பிறகுதான் நிறுவனங்களின் பெரும்பணம் உள்ளே வருகிறது.

அந்தப் பெரும்பணத்தை நான் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தும் மூன்றாம் கட்டச் சோதனை, தரமான ஆலை, தோற்றுப்போகும் மருந்துகளின் செலவு ஆகியவற்றில் நிறுவனங்கள் கொட்டுவது நிஜமான பணம். ஆனால் "ஒரு மருந்துக்கு 260 கோடி டாலர்" என்று அடிக்கடி காட்டப்படும் கணக்கில் கிட்டத்தட்ட பாதி, கையிலிருந்து போன பணமே அல்ல. அந்தப் பணத்தை வேறு எதிலாவது போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தையும் செலவாக எழுதிய கணக்கு. 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வு, நடுத்தர மதிப்பை நூறு கோடி டாலருக்குக் கீழேதான் வைத்தது. அதிலும், மக்கள் போட்ட பங்கு கணக்கிலேயே வருவதில்லை.

இங்கே "தனியார் ரிஸ்க்" என்று பேசுகிறவர்கள் வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவைக் கொஞ்சம் படிக்க வேண்டும். 2010-11 முதல் 2016-17 வரை, ஒரு மருந்து நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தில் நூறு ரூபாய் செலவிட்டால், வரி போடும் வருமானத்திலிருந்து இருநூறு ரூபாயைக் கழித்துக்கொள்ள முடிந்தது. பிறகு அது நூற்றைம்பதாகி, 2020-21-இல் நூறுக்கு வந்தது. அந்தச் சலுகை குறைந்த நேரத்தில் வேறு வாசல்கள் திறந்தன. மருந்து உற்பத்திக்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 15,000 கோடி. மருந்து, மருத்துவக் கருவி ஆராய்ச்சிக்கென்று 2023-இல் 5,000 கோடி. 2025 ஜூலையில், பல துறைகளின் தனியார் ஆராய்ச்சிக்கும் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டம். இவ்வளவும் வரிப்பணம். பணத்தைக் கொடுக்கும்போது அதற்குப் பெயர் "ஊக்கம்". விலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் அது "தனியார் விவகாரம்" ஆகிவிடுகிறது.

"வரி கட்டுவது நாலு பேர்" என்றொரு பேச்சும் நம் பக்கம் உண்டு. சிட்லபாக்கத்தில் மாலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் நின்று பாருங்கள். முதியவர் ஒருவர் கசங்கிய சீட்டை நீட்டுகிறார். கடைக்காரர் அட்டையை எடுத்து விலை சொல்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அஞ்சு மாத்திரை மட்டும் குடுப்பா, மிச்சத்தை ஒண்ணாம் தேதி வாங்கிக்கிறேன்." கத்தரிக்கோல் அட்டையை நறுக்குகிறது. காலாவதித் தேதி அச்சிட்ட பாதி கடையிலேயே தங்கிவிடுகிறது; அவர் சட்டைப் பைக்குள் போவது தேதியில்லாத ஐந்து மாத்திரை. அந்த ஐந்திலும் அவர் ஜி.எஸ்.டி. கட்டியிருக்கிறார். 2025 செப்டம்பர் வரை பெரும்பாலான மருந்துகளுக்கு 12 விழுக்காடு, அதன் பிறகு 5. அவரும் வரி கட்டுபவர்தான். மருந்து ஆராய்ச்சிக்கு முதல் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இப்போது கொரோனா தடுப்பூசியான கோவாக்சினுக்கு வருகிறேன். மொத்த விஷயமும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

வைரஸைப் பிரித்தெடுத்தது புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம், மத்திய அரசுடையது. 2020 மே மாதம் அந்த வைரஸ் தனியார் நிறுவனமான பாரத் பயோடெக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாம் கட்டச் சோதனையில் 25,800 பேர், அதற்கு ஐ.சி.எம்.ஆர். கொடுத்தது 35 கோடி ரூபாய். முதல் கட்டச் சோதனை நடந்த இடங்களில் ஒன்று நமக்கு அடுத்த பக்கம், காட்டாங்கொளத்தூர். இந்தப் பகுதி ஆட்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். நிறுவனமும் தன் பங்குக்கு 500 கோடிக்கு மேல் போட்டதாகச் சொன்னது. அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2021 ஏப்ரலில், ஆக்சிஜனுக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற அதே வாரங்களில், விலை அறிவிக்கப்பட்டது: மாநில அரசுகளுக்கு 600 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 1,200 ரூபாய். மத்திய அரசு வாங்கியதோ 150 ரூபாய்க்கு. கூச்சல் எழுந்த பிறகு மாநில விலை 400 ஆனது. ஜூன் மாதம் தனியார் மருத்துவமனையில் ஒரு ஊசிக்கு அதிகபட்சம் 1,410 ரூபாய் வாங்கலாம் என்று அரசே வரம்பு வைத்தது. கணவன், மனைவி, இரண்டு தவணை என்று கூட்டினால் ஐந்தாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். விலை அறிவிக்கப்பட்டபோது ஐ.சி.எம்.ஆருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தை மக்கள் யாரும் பார்த்திருக்கவில்லை.

2022 ஏப்ரலில் அதே ஊசியின் தனியார் விலை 1,200-லிருந்து 225 ரூபாய்க்கு இறங்கியது. தயாரிப்பு முறை ஒன்றும் மாறிவிடவில்லை. வாங்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான். தவிப்பில் இருந்தவனிடம் எவ்வளவு வாங்க முடியுமோ அவ்வளவு என்பதற்கு மேல் அந்த 1,200 ரூபாய்க்கு நான் வேறு நியாயம் காணவில்லை.

"ஐ.சி.எம்.ஆருக்குத்தான் ராயல்டி வந்ததே" என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். வந்தது. நிகர விற்பனையில் 5 விழுக்காடு; 2022 ஜனவரி வரை 171 கோடி ரூபாய்க்கு மேல். போட்ட 35 கோடிக்கு இது லாபம்தானே என்கிறார்கள். இந்த வாதம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. விற்பனைத் தொகையில் பங்கு என்றால், விலை ஏறினால் பங்கும் ஏறும். மக்களின் சார்பில் உட்கார வேண்டிய ஆராய்ச்சிக் கழகத்தை, விலை கூடினால் வருமானம் கூடும் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம். கொரோனா சிகிச்சைக்கும் சோதனைக்கும் நாட்டுக்கு வழிகாட்டியதும் அதே கழகம்தான். மக்களுக்குத் தேவை ராயல்டி அல்ல, கட்டுப்படியாகும் விலை.

2024 ஜூனில் இன்னொன்று வெளியே வந்தது. பாரத் பயோடெக் தாக்கல் செய்திருந்த காப்புரிமை விண்ணப்பங்களில் ஐ.சி.எம்.ஆரின் பெயரே இல்லை. செய்தி வெடித்ததும், தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லி நிறுவனம் பெயரைச் சேர்க்க நடவடிக்கை எடுத்தது. தவறு தெரியாமலே நடந்ததாக இருக்கட்டும். அரசின் பங்கு இருக்கும் கண்டுபிடிப்பில் அரசின் பெயர் விடுபட்டிருப்பதை அரசே கவனிக்காமல் இருந்ததற்கு யார் பதில் சொல்வது? 2021 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்திலேயே, இந்தத் தடுப்பூசிகளின் ஆராய்ச்சிக்கோ உருவாக்கத்துக்கோ அரசு உதவி எதுவும் இல்லை, சோதனைகளுக்கு மட்டும் பணம் கொடுத்தோம் என்று எழுதியிருந்தது. தன் விஞ்ஞானிகள் செய்த வேலையைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளாத அரசு விலை பேசும்போது எந்த முகத்தோடு உட்காரும்?

விலைக்கு நிபந்தனை போட்டால் நிறுவனங்கள் ஓடிவிடும் என்கிறார்களே, அதற்குப் பதிலும் இதே நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசி ரோட்டாவேக். 1980-களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து டாக்டர் மகராஜ் கிஷன் பான் குழுவினர் பிரித்தெடுத்த வைரஸ் வகைதான் அதற்கு விதை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனங்கள், அறக்கட்டளைகள் எல்லாம் பணம் போட்டன. டெல்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. தயாரித்தது பாரத் பயோடெக். தவணைக்கு ஒரு டாலர் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தயாரித்தது! 2016-இல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. நிறுவனம் நொடித்துப் போகவில்லை. அந்த அனுபவத்தோடுதான் அது கோவாக்சினுக்கு வந்தது. இரண்டிலும் நிறுவனம் ஒன்று. பொதுப்பணம் இரண்டிலும் இருந்தது. ஒன்றில் விலையை முதலிலேயே பேசினார்கள், மற்றொன்றில் பேசவில்லை.

சரி, அரசு ஆய்வுக்கூடங்களும் ஆலைகளும் உருப்படுவதில்லை என்ற குற்றச்சாட்டு? இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் செங்கல்பட்டு. திருமணி கிராமத்தில் நூறு ஏக்கரில் எச்.எல்.எல். பயோடெக்கின் தடுப்பூசி வளாகம். 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற மத்திய அரசுத் திட்டம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது அங்கிருந்து ஒரு தடுப்பூசிகூட வெளியே வந்திருக்கவில்லை. தனியார் பங்குதாரரைத் தேடி அழைப்பு விட்டார்கள், யாரும் வரவில்லை. அந்த மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, ஆலையைக் குத்தகைக்காவது மாநிலத்திடம் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இதைப் பார்த்துவிட்டு "பார்த்தீர்களா, அரசால் முடியாது" என்கிறவர்கள், அதற்கு முன்னால் கிண்டியில் நடந்ததைச் சொல்வதில்லை. கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் இயங்கிவந்தது. நாட்டுக் குழந்தைகளின் தோளில் பதிந்த காசநோய்த் தடுப்பூசித் தழும்புகளில் பெரும்பாலானவை அங்கே தயாரான மருந்தால் வந்தவை. அதையும், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தையும், கசௌலியில் உள்ள மத்திய ஆய்வு நிறுவனத்தையும் 2008 ஜனவரியில் ஒரே அடியாக நிறுத்தினார்கள். உற்பத்தித் தரவிதிகள் பின்பற்றப்படவில்லை என்பது காரணம். கட்டடங்கள் பழசு, விதிகள் பின்பற்றப்படவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். பழுதான வீட்டைச் செப்பனிடப் பணம் கொடுக்க வேண்டிய உரிமையாளரே பணம் கொடுக்காமல் வைத்திருந்து, வீடு பழுது என்று சொல்லிப் பூட்டியதுதான் அங்கே நடந்தது. தேசியத் திட்டத்துக்கான தடுப்பூசிகளில் பெரும்பகுதியைக் கொடுத்துக்கொண்டிருந்த மூன்று நிறுவனங்கள் நின்றன. தனியாரிடம் வாங்க வேண்டிய நிலை வந்தது. மாநிலங்களில் தட்டுப்பாடு ஏற்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு, விசாரணைக் குழு என்று எல்லாம் நடந்து, 2010-இல் தடை விலக்கப்பட்டது. செங்கல்பட்டு ஆலையின் கதையும் இதன் தொடர்ச்சிதான். கட்டுவதற்குப் பணம் கொடுத்தார்கள். முடித்து ஓட்டுவதற்குப் பணம் கொடுக்கவில்லை. திறமையின்மை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களின் திறமையின்மை அல்ல. டெல்லியில் கோப்பைத் தள்ளிப்போட்டவர்களுடையது.

பொதுத்துறை ஒழுங்காக நடந்த இடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு ஏற்பட்டுப் பழைய மருந்துகளால் நோய் அடங்காதவர்களுக்கு வந்த புதிய மருந்து பெடாகுவிலின். அதன் வளர்ச்சியில் ஜான்சன் அண்ட் ஜான்சன் போட்டதைவிடப் பொதுப்பணம் கூடுதல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மருந்தை மற்றவற்றோடு சேர்த்து, ஊசியே இல்லாமல் மாத்திரையாலேயே குணப்படுத்த முடியுமா என்று இந்திய நோயாளிகளிடம் சோதித்தது சேத்துப்பட்டு நிறுவனம். 2022-இல் வெளியான முடிவில் பத்துக்கு ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். காது கேட்காமல் போக வைக்கும் ஊசிகளை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டவர்களுக்கு இது எப்படிப்பட்ட விடுதலை என்பதைச் சானடோரியம் மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த எந்தச் செவிலியரும் சொல்வார். அப்படி ஊசியால் செவித்திறனை இழந்த இந்தியப் பெண் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும்தான் பெடாகுவிலினின் காப்புரிமை நீட்டிப்பை இங்கே எதிர்த்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை மறுத்தது. 2020-இல் ஏழை நாடுகளுக்கே 340 டாலராக இருந்த ஆறு மாத மருந்து, 2023 ஆகஸ்டில் 130 டாலருக்கு வந்தது.

இதற்கான சட்ட வழியும் நம் மண்ணில் உருவானதுதான். நீதிபதி ராஜகோபால அய்யங்காரின் 1959 அறிக்கையை அடியொற்றி 1970-இல் காப்புரிமைச் சட்டம் வந்தது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த மறுப்புக்கு அடிப்படையான சட்டப் பிரிவையே எதிர்த்து நோவார்டிஸ் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆன மருந்தைப் பத்தாயிரத்துக்கும் குறைவாக இந்திய நிறுவனங்கள் விற்றதும், நோயாளிகள் உயிரோடு இருப்பதும் இதனால்தான். அன்றும் "ஆராய்ச்சி செத்துவிடும், நிறுவனங்கள் கிளம்பிவிடும்" என்றுதான் பயமுறுத்தினார்கள். நோவார்டிஸ் இன்றும் இந்தியாவில் மருந்து விற்கிறது.

ஆராய்ச்சிக்கு வரிப்பணம் குறைய வேண்டும் என்பதல்ல என் கோரிக்கை, கூட வேண்டும். 2020-21 கணக்குப்படி இந்த நாடு எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிட்டது மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடுதான். ஆனால் கொடுக்கும் பணத்தோடு நிபந்தனையும் போக வேண்டும். பொதுப்பணம் வாங்கும் எந்த ஒப்பந்தத்திலும் விலை வரம்பு முதலிலேயே எழுதப்பட வேண்டும். காப்புரிமையில் மக்களின் நிறுவனத்துக்குப் பங்கு இருக்க வேண்டும். நெருக்கடி வந்தால் தயாரிப்பு முறையை அரசு ஆலைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்க வேண்டும். ஒப்பந்தம் முழுவதும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அரசு ஆலைகளை ஓட்டுவதற்கு, கட்டுவதற்குக் கொடுத்த அக்கறையோடு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும்.

தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கத்து வாக்காளர்களிடம் ஒரு வேண்டுகோள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலை, குடிநீர், மெட்ரோ பற்றிக் கேட்கிறோம்; கேட்க வேண்டியவைதான். கூடவே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: திருமணி ஆலையில் தடுப்பூசி தயாரிக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருந்து ஆராய்ச்சியின் ஒப்பந்தங்களை மக்களவையில் கேட்டு வாங்கி வெளியிடுவீர்களா? பதில் சொல்லத் தெரியாதவருக்கு வாக்களிக்காதீர்கள்.